ஆளைக் கொடுத்தோம் நலமாக; அனுப்பி வைத்தீர் நோயாக!

"பட்டாளப் பணியால் விளைந்ததும் அன்று, பட்டாளப் பணியால் மிகுந்ததும் அன்று!"

ஒரே ஒரு வரி. டில்லி சர்க்காரின் மருத்துவக் குழு அந்த வரியை எழுதி, கையொப்பமிட்டு, முத்திரையும் குத்திவிட்டால் போதும். பத்தாண்டு, பதினைந்தாண்டு எல்லையிலே நின்ற சிப்பாயின் நோய், அந்த நொடி முதல் அவனுடைய சொந்தச் சொத்தாகிவிடுகிறது. துப்பாக்கி சர்க்காருடையது, சீருடை சர்க்காருடையது, அவனை நிறுத்தி வைத்த பனிமலை சர்க்காருடையது, அங்கே வந்து சேர்ந்த வலிப்பும் இரைப்பும் இரத்தக் கொதிப்பும் மனக்கலக்கமும் மட்டும் அவனுடையவை!

இது என்ன நீதி? எந்த நாட்டு நீதி? வண்டி இழுத்த மாடு நொண்டினால், மாட்டின் சொந்தக்காரன் மருந்து கட்டுகிறான். நாட்டை இழுத்தவன் நொண்டினால், "நீ பிறக்கும்போதே இந்தக் கோளாறோடு பிறந்திருப்பாய்" என்கிறது சர்க்கார்!

விழுப்புரத்திலிருந்து புதுவை செல்லும் சாலையிலே கோலியனூர்க் கூட்டுரோட்டில் இறங்கி, சுற்றியுள்ள சிற்றூர்களுக்குள் நடந்து பாருங்கள். கரும்பும் நெல்லும் மல்லாட்டையும் விளையும் பூமி. ஏரி நிறைந்தால் சிரிப்பு, வறண்டால் கவலை என்று வாழும் மக்கள். கழனி காணி அதிகம் இல்லாத வீட்டுப் பிள்ளை பத்தாவதோ பன்னிரண்டாவதோ தேறியதும் என்ன செய்கிறான்? ஒருவன் சென்னைக்கு வண்டியேறுகிறான். ஒருவன் வளைகுடாவுக்குப் போகிறான். ஒருவன் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் மைதானத்திலே போய் நிற்கிறான். வீரம் ஒரு காரணம். வறுமை இன்னொரு காரணம். இரண்டையும் சேர்த்துத்தான் டில்லி தன் படைக்கு ஆள் திரட்டுகிறது.

அந்தப் பிள்ளைகளில் ஒருவன் நோயோடு ஊர் திரும்பியதாக வைத்துக்கொள்வோம். பெயர் எதுவாயினும் இருக்கட்டும். எந்தத் தெருவாயினும் இருக்கட்டும். அவன் சென்ற வழியிலேயே நாமும் அடியெடுத்து நடந்து பார்ப்போம்.

முதல் படி, ஆள் எடுப்பு. 1.6 கிலோமீட்டர் தூரத்தை மூச்சிரைக்க ஓடச் சொல்கிறார்கள். ஓடியவனை நிறுத்தி, மார்பை அளக்கிறார்கள், எடையை நிறுக்கிறார்கள், கண்ணைப் பார்க்கிறார்கள், காதைச் சோதிக்கிறார்கள், பல்லை எண்ணுகிறார்கள், பாதம் தட்டையா, முட்டி இடிக்கிறதா என்று நிற்க வைத்துப் பார்க்கிறார்கள். சின்னக் குறை தெரிந்தாலும் "போ வீட்டுக்கு" என்று அனுப்பிவிடுகிறார்கள். எத்தனை தாய்மார்களின் கனவு அந்த மைதானத்திலேயே கலைந்து போகிறது! அத்தனையும் தாண்டித் தேறியவனுடைய தாளிலேதான், "உடல் நலம் உடையவன், பணிக்கு ஏற்றவன்" என்று சர்க்காரின் மருத்துவர் எழுதுகிறார்.

நன்றாகக் கவனியுங்கள். எழுதியவர் கோலியனூர் நாட்டு வைத்தியர் அல்லர், சர்க்காரின் மருத்துவர். முத்திரை ஊர்ப் பஞ்சாயத்தின் முத்திரை அன்று. இந்திய இராணுவத்தின் முத்திரை. இந்தத் தாளை மறக்க வேண்டாம். பின்னால் இதே தாள் சாட்சிக் கூண்டில் ஏறப் போகிறது.

இரண்டாம் படி, பணி. எங்கே அனுப்புகிறார்கள்? நம் மண்ணிலே மார்கழிப் பனிக்கே கம்பளி தேடுகிற பிள்ளையை, சியாச்சினுக்கு அனுப்புகிறார்கள். 1984 ஏப்ரல் 13 அன்று இந்தியப் படை அந்தப் பனியாற்றைக் கைப்பற்றியது. அன்று முதல் ஆண்டின் எல்லா நாளும் அங்கே காவல் உண்டு. காற்றிலே உயிர்வளி குறைவு. நுரையீரலிலே நீர் கோக்கும்; இரத்தம் உறையும்; விரல் நுனி கறுத்து உதிரும்; உறக்கம் வராது; உண்டது தங்காது. 2003 நவம்பரிலே இருநாட்டுப் படைகளும் சண்டை நிறுத்தத்துக்கு உடன்பட்டன, துப்பாக்கி ஓய்ந்தது. குளிர் ஓய்ந்ததா? அது யாரோடும் உடன்படிக்கை செய்துகொள்ளவில்லை! சியாச்சினிலே எதிரியின் குண்டைவிட இயற்கையே அதிக உயிர்களைக் குடித்திருக்கிறது என்பது உலகறிந்த செய்தி.

2016 பிப்ரவரி 3 ஆம் நாளை எண்ணிப் பாருங்கள். மதராஸ் ரெஜிமெண்டின் 19 ஆம் பட்டாலியனைச் சேர்ந்த 10 வீரர்களைப் பனிச்சரிவு விழுங்கியது. ஒருவர் மட்டும் ஆறு நாள் கழித்து உயிரோடு தோண்டியெடுக்கப்பட்டார். அவரும் பிப்ரவரி 11 அன்று டில்லி மருத்துவமனையில் கண் மூடினார். அந்தப் பதின்மரில் தமிழகத்துப் பிள்ளைகளும் இருந்தனர். நாடு அழுதது, தலைவர்கள் மலர் வளையம் வைத்தனர், ஏடுகள் முதல் பக்கத்தில் படம் போட்டன. சரி. அதே குளிரிலே நின்று, சாகாமல், நோயோடு திரும்பியவனுக்கு எந்த ஏடு படம் போட்டது? எந்தத் தலைவர் மாலை போட்டார்?

பனிமலை மட்டுந்தானா? பீரங்கி ஓசையிலே செவி மங்குகிறவன் உண்டு. பாலைவன வெயிலிலே சிறுநீரகம் கெடுகிறவன் உண்டு. மாதக்கணக்கில் மனைவி மக்களைப் பிரிந்து, பதுங்கு குழியிலே கண் விழித்து, அடுத்த நொடி என்ன நேருமோ என்று ஆண்டுக்கணக்கில் அஞ்சிக் கிடந்ததால் இரத்தக் கொதிப்பு ஏறியவன் உண்டு; மனம் பேதலித்தவனும் உண்டு. குண்டு பட்ட காயத்தை எல்லோரும் பார்க்கலாம். குளிர் பட்ட காயத்தையும் அச்சம் பட்ட காயத்தையும் யார் பார்ப்பது?

மூன்றாம் படி, வெளியேற்றம். "நீ இனிப் பணிக்கு உதவமாட்டாய்" என்று மருத்துவக் குழு முடிவு செய்கிறது. தாள் எழுதப்படுகிறது, ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதப்படுகிறது. காட்டிய இடத்திலே கையொப்பம் இடுகிறான் நம் பிள்ளை. அந்தத் தாளிலேதான் இருக்கிறது, நான் முதலில் சொன்ன அந்த ஒற்றை வரி. அது என்னவென்று அவனுக்குத் தெரிவது எப்போது? ஊருக்கு வந்து, இயலாமைப் பென்சன் கேட்டு எழுதி, "தகுதி இல்லை" என்று பதில் வரும்போது!

இங்கே ஒரு கேள்வி எழும். "சட்டம் அப்படித்தான் இருக்கிறது போலும், சர்க்கார் சட்டப்படிதானே நடக்கிறது?" என்று நல்லெண்ணத்தோடு கேட்பவர் உண்டு. அவர்களுக்குச் சொல்கிறேன்: வேதனையே அதுதான்! சட்டம் சிப்பாயின் பக்கம் நிற்கிறது; சர்க்கார்தான் சட்டத்தின் எதிர்ப்பக்கம் நிற்கிறது.

1982 ஆம் ஆண்டு உரிமை விதிகளை எடுத்துப் பாருங்கள். 5 ஆம் விதி என்ன சொல்கிறது? பணியில் சேரும்போது குறிப்பு எதுவும் எழுதப்படவில்லையென்றால், சேர்ந்தவன் நல்ல உடல்நிலையோடுதான் சேர்ந்தான் என்று கொள்ளவேண்டும். பின்னால் உடல் கெட்டால், பணியால் கெட்டது என்று கொள்ளவேண்டும். 9 ஆம் விதி என்ன சொல்கிறது? மெய்ப்பிக்கும் பொறுப்பு சிப்பாய்க்கு இல்லை. நியாயமான ஐயம் எழுந்தால், அந்த ஐயத்தின் பலன் சிப்பாய்க்கே. களத்தில் நின்றவனுக்கு அந்தப் பலனை இன்னும் தாராளமாக வழங்கவேண்டும். 14 ஆம் விதி என்ன சொல்கிறது? சேரும்போது குறிக்கப்படாத நோய் பணிக்காலத்தில் எழுந்ததாகவே கருதப்படவேண்டும். இல்லை, சோதனையில் கண்டுபிடித்திருக்க முடியாத நோய் அது என்று மருத்துவர் கருதினால், காரணம் எழுதவேண்டும். தட்பவெப்பத்தால் தாக்கும் நோய்கள், உழைப்பாலும் உளைச்சலாலும் தாக்கும் நோய்கள் என்று விதிகளின் பின்னே பட்டியலும் உண்டு.

எவ்வளவு தெளிவு! எவ்வளவு கருணை! எழுதியவர் யாரோ, நன்றாகத்தான் எழுதினார். ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுகிறதா? "காரணம் எழுதுக" என்கிறது விதி. காரணம் எழுதவேண்டிய இடத்திலே "உடலமைப்புக் கோளாறு" என்று இரண்டு சொல் எழுதுகிறார்கள். உடலமைப்பிலே கோளாறு என்றால், மார்பை அளந்து, பல்லை எண்ணி, "நலம்" என்று முத்திரை குத்தினீர்களே, அப்போது அந்தக் கோளாறு எங்கே ஒளிந்திருந்தது? முத்திரை குத்திய நாளிலே உங்கள் மருத்துவர் அறிஞர்; பென்சன் கேட்ட நாளிலே அதே மருத்துவர் அறியாதவரா?

இரண்டு சிப்பாய்களின் கதையைக் கேளுங்கள். இருவரும் வடநாட்டார். துன்பத்துக்கு வடக்கும் இல்லை, தெற்கும் இல்லை. இருவரும் 1985 இல் பணியில் சேர்ந்தவர்கள். இருவருக்கும் வந்தது வலிப்பு நோய்.

ஒருவர் தரம்வீர் சிங். 1994 இல் 20 விழுக்காடு இயலாமை என்று எழுதி வெளியேற்றினர். பென்சன் கேட்டார், மறுத்தனர். உயர் நீதிமன்றத்திலே ஒரு நீதிபதியிடம் வென்றார்; மேல்முறையீட்டிலே தோற்றார்; உச்ச நீதிமன்றத்தின் படியேறினார். 2013 ஜூலை 2 அன்று தீர்ப்பு வந்தது. சேரும்போது குறிப்பு இல்லை. குழு காரணம் கூறவில்லை. ஆகவே நோய் பணியால் வந்ததே. பென்சன் கொடு என்றது நீதிமன்றம். 1994 எங்கே, 2013 எங்கே? பத்தொன்பது ஆண்டு!

இன்னொருவர் பிஜேந்தர் சிங். சியாச்சினிலே நின்றவர். 1989 இல் வெளியேற்றப்பட்டவர். இயலாமை 20 விழுக்காட்டுக்கும் குறைவு, பணியோடு தொடர்பும் இல்லை என்று எழுதினர். அவருக்கு உச்ச நீதிமன்றம் நீதி வழங்கியது 2025 ஏப்ரலில். முப்பத்தாறு ஆண்டு! வெளியேற்றப்பட்ட நாளிலே பிறந்த குழந்தை, தானே பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து முடித்திருக்கும். அத்தனை காலம் ஒரு நோயாளி, நாட்டின் பெரும் சர்க்காரோடு வழக்காடிக்கொண்டிருந்தார்!

வழக்காடும் வசதி எத்தனை பேருக்கு உண்டு? நம் கோலியனூர்ப் பிள்ளை என்ன செய்வான்? பென்சன் கணக்கு அலுவலகமோ அலகாபாத்திலே. இன்று பிரயாக்ராஜ் என்று பெயர் சூட்டப்பட்ட ஊரிலே. எழுதினால் பதில் வரும் நாள் தெரியாது. இப்போது எல்லாம் கணினியிலே என்கிறார்கள். கணினியில் ஏற்றுவதற்கும் எவரையாவது கெஞ்சவேண்டும். ஆயுதப் படைத் தீர்ப்பாயம் என்று ஒன்றை 2007 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைத்தார்கள். சென்னையிலும் அதற்கு ஓர் அமர்வு உண்டு. நல்ல ஏற்பாடு. அங்கே சிப்பாய் வெல்லவும் செய்கிறான். வென்றபிறகாவது சர்க்கார் விடுகிறதா?

விடவில்லை! தீர்ப்பாயம் கொடு என்றால், டில்லி மேல்முறையீடு செய்கிறது. ஒன்றல்ல, இரண்டல்ல, கட்டுக் கட்டாக மேல்முறையீடு. 2015 பிப்ரவரியிலே அப்படி ஒரு கட்டை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நீதியரசர் தாக்கூரோடு அந்த அமர்வில் இருந்தவர், நம் தமிழகத்து நீதியரசர் பானுமதி. அதே ஆண்டு, பாதுகாப்பு அமைச்சகமே அமைத்த வல்லுநர் குழு, "சிப்பாய்களோடு வழக்காடுவதைக் குறையுங்கள்" என்று அறிவுரை கூறியது. குறைத்தார்களா? 2025 ஜூலையிலே ஏறத்தாழ 300 மனுக்களை டில்லி உயர் நீதிமன்றம் ஒரே தீர்ப்பிலே தள்ளியது. அத்தனையும் இயலாமைப் பென்சன் வழங்கிய உத்தரவுகளை எதிர்த்து சர்க்கார் தொடுத்தவை!

ஒரே கேள்விக்கு ஒரே விடையை உச்ச நீதிமன்றம் 2013 இல் சொன்னது. 2015 இல் சொன்னது. 2025 இல் சொன்னது. ஒரு பள்ளி மாணவன் ஒரே பாடத்திலே இத்தனை முறை தவறினால் பிரம்பு எடுக்கிறோம். டில்லிக்கு எந்தப் பிரம்பு?

எவ்வளவு பெரிய தொகைக்காக இந்தப் பிடிவாதம்? நூறு விழுக்காடு இயலாமை என்றால், கடைசி ஊதியத்தில் 30 விழுக்காடு இயலாமைப் பங்காகக் கிடைக்கும். இயலாமை 20 விழுக்காட்டுக்குக் குறைந்தால் ஒன்றும் இல்லை. 20 முதல் 50க்குள் இருந்தால் 50 என்று கொள்ளும் முறை 1996 ஜனவரி முதல் உண்டு; பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் அது பொருந்தும் என்று 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 50 விழுக்காட்டுக்காரனுக்குக் கடைசி ஊதியத்தில் 15 விழுக்காடு. சிப்பாயின் ஊதியத்திலே இந்தப் பங்கு ஒரு குடும்பத்தின் மருந்துச் செலவுக்கும் மளிகைக் கடனுக்கும் ஆகும். அதை மறுக்க சர்க்கார் வழக்கறிஞருக்குக் கொடுக்கும் கட்டணத்தை யாராவது கூட்டிப் பார்த்தார்களா?

சரி, எதிர்த்தரப்பின் வாதத்தையும் மறைக்காமல் வைக்கிறேன். "பென்சன் ஆசையிலே இல்லாத நோயைக் காட்டுகிறார்கள், சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் நகரத்துக் கடைக்காரனுக்கும் வருகின்றனவே, அதற்கெல்லாம் நாடு பணம் கொடுப்பதா?" என்கிறார்கள். 2023 இல் வெளிவந்த தணிக்கைத் துறை அறிக்கையை ஆதாரமாகக் காட்டுகிறார்கள்.

அந்த அறிக்கையை நானும் காட்டுகிறேன்! 2015-16 முதல் 2019-20 வரை ஆண்டுதோறும் ஓய்வு பெற்ற அதிகாரிகளில் 36 முதல் 40 விழுக்காட்டினர் இயலாமைப் பென்சனோடு சென்றனர். அதிகாரி நிலைக்குக் கீழுள்ள சிப்பாய்களில்? 15 முதல் 18 விழுக்காட்டினர் மட்டுமே. என்ன விந்தை! தாழ்ந்த பதுங்கு குழியிலே கிடப்பவனைவிட உயர்ந்த நாற்காலியிலே இருப்பவருக்கு இரண்டு மடங்கு நோயா? அதிகாரிகளிலே உண்மையான நோயாளிகள் இல்லை என்று நான் சொல்லவில்லை. பனிமலையிலே சிப்பாயோடு தோளுரச நின்ற அதிகாரிகள் பலர் உண்டு. ஆனால் விதி தெரிந்தவனுக்கு, ஆங்கிலம் அறிந்தவனுக்கு, மருத்துவக் குழுவின் முன்னே நிமிர்ந்து நின்று "காரணம் எழுதுங்கள் ஐயா" என்று கேட்கத் தெரிந்தவனுக்குக் கிடைப்பது, கைகட்டி நிற்கும் சிப்பாய்க்குக் கிடைப்பதில்லை என்பதைத்தானே இந்தக் கணக்கு காட்டுகிறது? மோசடி உண்டு என்றால் மோசடிக்காரனைப் பிடி. களையைப் பிடுங்கவேண்டுமென்று பயிருக்குத் தீ வைக்காதே!

தீ வைப்பது போலத்தான் 2023 செப்டம்பரிலே புதிய விதிகள் வந்தன. முன்னரே 2008 விதிகளிலே, "நலமாக வந்தான், ஆகவே பணியால் கெட்டான்" என்ற பழைய அனுமானத்தை மங்கச் செய்துவிட்டார்கள். அப்போதும் காரணம் காட்டும் பொறுப்பு மருத்துவக் குழுவின்மீதே என்று டில்லி உயர் நீதிமன்றம் 2025 இல் கூறிவிட்டது. 2023 விதிகளோ பெயரையே மாற்றின. நோயோடும் பணியாற்றி, காலம் முடித்து ஓய்வு பெறுகிறவனுக்குக் கிடைப்பது இனி "இயலாமைப் பென்சன்" அன்று. "குறைபாட்டு நிவாரணம்" என்றார்கள். பென்சன் என்றால் உரிமை. நிவாரணம் என்றால் உதவி. உரிமைக்காரன் தலை நிமிர்ந்து கேட்பான். உதவி கேட்பவன் கையேந்துவான். சொல்லிலே என்ன இருக்கிறது என்று எண்ணாதீர்கள். சொல்லை மாற்றுபவன் அடுத்து எதை மாற்றுவான் என்பதை அறிந்தவர்கள் நாம்!

இனி வரும் தலைமுறையின் நிலை இன்னும் கவலைக்குரியது. 2022 ஜூனிலே அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்டது. நான்கே ஆண்டு பணி. நால்வரில் ஒருவருக்கு மேல் நிலைப்பணி இல்லை. வெளியே வருகிறவனுக்குப் பென்சன் இல்லை. பணியால் இயலாமை நேர்ந்தால், அதன் அளவைப் பொறுத்து 44 இலட்சம், 25 இலட்சம், 15 இலட்சம் என்று ஒரே ஒரு முறை தொகை. பெரிய தொகைதான் என்று தோன்றும். இருபத்திரண்டு வயதிலே வலிப்பு நோயோடு வீடு திரும்புகிற பிள்ளை இன்னும் நாற்பது, ஐம்பது ஆண்டு வாழவேண்டுமே! மாதாமாதம் மருந்து வாங்கவேண்டுமே! அந்த ஒரு முறைத் தொகைக்கும் அதே பூட்டுத்தான்: பணியால் விளைந்ததா, மிகுந்ததா என்று மருத்துவக் குழு சொல்லவேண்டும். பூட்டு பழையது, உள்ளே இருப்பதுதான் குறைந்து போயிற்று.

உலகம் இந்தக் கேள்விக்கு எப்படி விடை கண்டது என்றும் பார்ப்போம். வியத்நாம் காட்டிலே அமெரிக்கா இலைகளை உதிர்க்க நச்சு மருந்து தெளித்தது. ஏஜெண்ட் ஆரஞ்சு என்று அதற்குப் பெயர். தெளித்த நஞ்சு வியத்நாம் மக்களையும் வாட்டியது. தெளித்தவனின் சிப்பாயையும் வாட்டியது. பல ஆண்டுகள் அமெரிக்க சர்க்காரும், "உன் புற்றுநோய்க்கு எங்கள் நஞ்சுதான் காரணம் என்று நீயே மெய்ப்பி" என்றது. 1991 இல் சட்டம் வந்தது: வியத்நாமிலே நின்றவனுக்கு இன்ன இன்ன நோய் வந்தால், பணியால் வந்ததாகவே கொள்க! 2022 ஆகஸ்டு 10 அன்று இன்னொரு சட்டம்: இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் குப்பை எரித்த குழிகளின் புகையைச் சுவாசித்தவர்களுக்கு இருபதுக்கும் மேற்பட்ட நோய்கள் அதே முறையில் ஏற்கப்பட்டன. அமெரிக்காவின் போர்களை நாம் ஆதரிக்கவில்லை. அந்தப் போர்கள் நியாயமானவை என்று வாதாடவும் இல்லை. ஆனால் போருக்கு அனுப்பியவனே நோய்க்கும் பொறுப்பு என்ற ஒரு நீதியை, சிப்பாய்கள் போராடிப் போராடிச் சட்டத்தில் எழுத வைத்துவிட்டார்கள். நம் நாட்டிலே அந்த நீதி 1982 லேயே எழுதப்பட்டுவிட்டது. அங்கே எழுத வைக்கப் போராடினார்கள். இங்கே எழுதியதை நடத்த வைக்கப் போராடுகிறோம்!

தமிழனுக்கு இந்த நீதி வேற்று நாட்டிலிருந்து வரவேண்டியதும் இல்லை. செங்கம் பகுதியிலே மண்ணுக்குள்ளும் மரத்தடியிலும் நிற்கும் நடுகற்களைக் கேளுங்கள். ஆநிரை மீட்டு மடிந்தவனுக்குப் பெயர் பொறித்துக் கல் நட்டான் பழந்தமிழன். கல்லோடு விட்டானா? மடிந்த வீரனின் குடும்பத்துக்கு நிலம் கொடுத்தான். அதற்கு "உதிரப்பட்டி" என்று பெயர் வைத்தான். உதிரம் சிந்தியதற்கு ஈடான நிலம்! எவ்வளவு பொருள் பொதிந்த சொல்! மாண்டவனுக்குக் கல் நட்ட மண்ணிலே, மாளாமல் நோயோடு மீண்டவனுக்கு மருந்துப் பணம் கேட்டு மன்றாடும் நிலை வரலாமா?

தேசபக்தியைத் தங்கள் தனிச்சொத்து என்று முழங்குவோர் நம்மைப் பார்த்து முகம் சுளிப்பர். அவர்களுக்கு ஒரு நினைவூட்டல். 1962 இல் சீனப் படை எல்லை தாண்டியபோது, தனிநாட்டுக் கோரிக்கையை ஒதுக்கி வைத்துவிட்டு, போர் முயற்சிக்குத் தோள் கொடுத்தவர் அண்ணா. வீடு இருந்தால்தான் ஓடு மாற்ற முடியும் என்ற தெளிவு அந்தத் தலைவரிடம் இருந்தது. அந்த வழியில் வந்த நாம் படைவீரனைப் பழிப்பவர்கள் அல்லர். படைவீரனின் படத்தைத் தேர்தல் மேடையிலே தூக்கிப் பிடித்துவிட்டு, அவனுடைய பென்சனை நீதிமன்றத்திலே பிடித்து இழுப்பவர்களைத்தான் கேள்வி கேட்கிறோம்.

கேள்வியோடு நில்லாமல் கோரிக்கையும் வைக்கிறோம்.

தீர்ப்பாயம் கொடு என்று சொன்னபின், உச்ச நீதிமன்றம் ஏற்கெனவே விடை கூறிவிட்ட வழக்குகளில் டில்லி மேல்முறையீடு செய்யக்கூடாது. பனிமலை, பாலைவனம், பீரங்கிப் படை என்று பணியிடம் தோறும் நோய்ப் பட்டியல் வகுத்து, அங்கே நின்றவனுக்கு அந்த நோய் வந்தால் கேள்வியின்றி ஏற்கவேண்டும். மருத்துவக் குழுவின் முடிவையும் காரணத்தையும் சிப்பாயின் தாய்மொழியிலே எழுதி, கையொப்பத்துக்கு முன் அவனிடம் கொடுக்கவேண்டும். படிக்கத் தெரியாத மொழியிலே வாங்கிய கையொப்பத்தை எப்படி ஒப்புதல் என்பது? நான்கு ஆண்டுச் சிப்பாய்க்கும் இயலாமை நேர்ந்தால் மாதப் பென்சன் வேண்டும். தமிழக அரசு தன் பங்குக்கு, மாவட்டந்தோறும் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலே இதற்கென ஒரு வழக்கறிஞரை அமர்த்தி, செலவில்லாமல் மனு எழுதித் தர ஏற்பாடு செய்யவேண்டும். விழுப்புரத்திலேயே தொடங்கட்டும்.

அதுவரை கைகட்டி இருக்கவேண்டாம். கோலியனூர் வட்டாரத்திலே, திண்டிவனம் பக்கத்திலே, நோயோடு திரும்பிய பட்டாளத்துக்காரர் இருக்கிற வீட்டாருக்கு ஒரு வார்த்தை: மருத்துவக் குழுவின் தாளைத் தேடி எடுங்கள், இல்லையேல் தகவல் உரிமைச் சட்டப்படி நகல் கேளுங்கள். சேர்ந்தபோது நோய்க் குறிப்பு இருந்ததா, வெளியேற்றியபோது காரணம் எழுதப்பட்டதா என்ற இரண்டை மட்டும் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் வழக்கு உங்கள் பக்கம். "இருபது வருஷம் ஆயிற்றே, இனி என்ன" என்று சோர வேண்டாம். மாதந்தோறும் மறுக்கப்படும் பென்சன் தொடர்ந்து நடக்கும் தவறு. காலம் கடந்தது என்ற ஒரே காரணத்தால் உரிமை செத்துவிடாது என்று 2008 லேயே உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

ஊரிலே படித்த இளைஞர்கள் இருக்கிறீர்கள், மன்றம் வைத்திருக்கிறீர்கள், படிப்பகம் நடத்துகிறீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். ஊரிலுள்ள பழைய பட்டாளத்துக்காரர்களை அழைத்து உட்கார வைத்து, அவர்கள் பெட்டியிலே பூட்டி வைத்திருக்கும் தாளை வாங்கிப் படித்துச் சொல்லுங்கள். "ஐயா, இது உங்களுக்குச் சேரவேண்டியது" என்று சொல்ல ஒருவன் இல்லாமல்தான் பலருடைய உரிமை பெட்டிக்குள்ளேயே மட்கிக் கிடக்கிறது.

டில்லிக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். நோயாளியை நாங்கள் அனுப்பவில்லை. நலமானவன் என்று உங்கள் மருத்துவரே எழுதிக் கொடுத்த தாள் உங்கள் கோப்பிலேதான் இருக்கிறது. நலமாக வாங்கிக்கொண்ட பிள்ளையை நோயாகத் திருப்பிக் கொடுத்தால், கணக்கு தீர்க்கவேண்டியவர் யார்? வாங்கியவர்தானே! தீருங்கள் கணக்கை, அவன் கண்மூடும் முன்னே!